ஆடிட் பொம்மை

அத்தியாயம் 4

கல் என் நெற்றியில் பட்டதும் முதலில் தோன்றியது, ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையே என்பதுதான்.

ஒரகடத்தில் கார் கதவுகளுக்குத் தகடு அழுத்தும் அந்தத் தொழிற்சாலையின் கேட் முன்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். குன்றத்தூரிலிருந்து இரண்டு வேன் பிடித்து வந்தவர்கள். நேற்று மாலை உள்ளே அடித்துக் கொல்லப்பட்ட பிரசன்னாவின் சொந்தக்காரர்கள். அவர்கள் குறி வைத்தது என்னை இல்லை. எனக்குப் பின்னால் நின்ற ஷெர்லினை. கொலைகாரன் என்று போலீஸ் பிடித்து வைத்திருக்கும் அந்தோணிராஜின் மனைவி அவள். எங்களை வரச் சொன்னதும் அவள்தான். வலது கையில் பெரிய கட்டு. கட்டு சீக்கிரமே முடிந்துவிட்டது. அதற்குள் நான்கு விரல்கள் இல்லை.

"இவ புருசன் எங்க புள்ள மண்டைய ஒடச்சான். இவ இங்க இன்னாத்துக்கு வந்துகினா?" என்று கத்திக்கொண்டே சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். ஷெர்லின் மண்டியிட்டு விழுந்தாள். நான் நடுவில் புகுந்தேன். அவன் முழங்கை என் வாயில் இறங்கியது. உதடு கிழிந்து உப்புக் கரித்தது. என் வாழ்க்கையில் நான் வாங்கிய அடிகளுக்கு ஒரு நோட்டுப் போட்டிருந்தால் இந்நேரம் இரண்டாவது நோட்டு வாங்க வேண்டியிருக்கும்.

"விடு," என்றது ஒரு பெண் குரல்.

ஏலவார்குழலி. என் முதலாளி. காஞ்சிபுரத்துக்காரி, ஐம்பத்திரண்டு வயது, கஞ்சி போட்ட காட்டன் புடவை, வாயில் எப்போதும் ஒரு துண்டு இஞ்சி மரப்பா. போலீஸில் இருபது வருடம் இருந்துவிட்டுப் பிடிக்காமல் வெளியே வந்து துப்பறியும் ஆபீஸ் போட்டவர். சிவப்புச் சட்டைக்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தான். மேடம் அவன் மணிக்கட்டைப் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுவதுபோலத் திருகினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் அலறியதில் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

முன் வேனில் மட்டும் ஒரு அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் பிரசன்னாவின் டிபன் பை. அவர் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கேட் செக்யூரிட்டி எங்கள் மூவரையும் அவசரமாக உள்ளே இழுத்துக் கதவை அடைத்தார். அடைத்த கையோடு கையை நீட்டினார். "போனைக் குடுத்துட்டுப் போங்க மேடம். உள்ள யாரும் போன் எடுத்துகினு போவக் கூடாது. மொதலாளி வந்தாலும் இதான் ரூல்சு."

"வாயில ரத்தம் வருது. அதையும் டோக்கன் போட்டு வெச்சுக்கறீங்களா?" என்றேன்.

சுவரில் புறாக்கூண்டு மாதிரி நம்பர் போட்ட அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு போன். மேடம் அவற்றை மரப்பாவை மென்றபடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றில் கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஒன்றுக்கு முதுகே இல்லை. "காருக்குக் கதவு செய்யற கம்பெனியில இவ்வளவு ஏழை போன்களா?" என்றார். செக்யூரிட்டி கூரையைப் பார்த்தார்.

செக்யூரிட்டி அறையில் ஷெர்லினை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம்.

"மூணு மணிக்கு அவரக் கோர்ட்டுக்குக் கூட்டினு போறாங்களாம் மேடம்," என்றாள். "ஒத்துக்கடா ஒத்துக்கடான்னு அடிச்சிருக்காங்க. வாயெல்லாம் வீங்கி கீது. இன்னும் கொஞ்சம் அடிச்சா ஒத்துக்குவாரு. என் கைதான் போச்சு. அவரு கைய வெச்சுத்தான் நாங்க ரெண்டு பேரும் பொழைக்கணும்."

"பிரசன்னாகிட்ட சண்டை போட்டது நிஜமா?" என்றார் மேடம்.

"நிஜம்தான். நேத்து மத்தியானம் கேன்டீன்ல சட்டையப் புடிச்சிட்டாரு. மூணு வாரம் முன்னாடி ஏழாம் நம்பர் பிரஸ்ல என் கை போச்சில்ல? கர்ட்டன் நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சு, நான்தான் சைடுல கைய வுட்டேன்னு எழுதிட்டாங்க. பிரசன்னாவோட சர்வர் அப்டி சொல்லிச்சாம். நான் வுடல மேடம். சத்தியமா வுடல."

கர்ட்டன் என்றால் துணி இல்லை. பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒளித்திரை. கை குறுக்கே போனால் நானூறு டன் இரும்பு அந்தரத்தில் நின்றுவிடும். அது ஓடுகிறதா இல்லையா என்று கண்காணித்து, ஓடினால் மட்டுமே பிரஸ்ஸை இறங்கவிடுவது மாடியில் இருந்த மெயின் சர்வர். அதைப் பார்த்துக்கொண்டவன்தான் பிரசன்னா.

"அதுக்கு பிரசன்னா என்ன சொன்னான்?"

"'நாலு மணி வரைக்கும் பொறுண்ணே, இன்னொரு ஆள்கிட்ட கேட்டுச் சொல்றேன்'னானாம். நாலு மணிக்கு வரச் சொல்லி இவரு அடிச்சிட்டாருன்னு போலீசு எழுதிக்கினாங்க."

"இன்னொரு ஆள் யாரு?"

"அதான் மேடம் தெர்ல."

மேடம் மணி பார்த்தார். பதினொன்று பத்து.

கேன்டீனுக்குப் பின்னால் இருந்த பழைய பேனல் ரூமில்தான் பிரசன்னா செத்துக் கிடந்தான். இப்போது உடல் இல்லை. மற்றதெல்லாம் இருந்தது. சிமென்ட் தரையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சுவரில் என் தோள் உயரத்துக்குத் தெறித்திருந்தது. மூலையில் ஒரு பல். எனக்கு இருபத்தேழு வயதில் ஒரு தம்பி இருக்கிறான். பிரசன்னாவுக்கும் இருபத்தேழு. நான் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்ஸ்பெக்டர் சீனிவாசன் மேடத்திடம் ஒருகாலத்தில் வேலை கற்றவர். அதனால் சல்யூட்டும் வந்தது, சலிப்பும் வந்தது.

"கேஸு முடிஞ்சது மேடம். இதோ கடப்பாரை. டை, அதான் பிரஸ்ல மாட்டற இரும்பு அச்சு, அத நகர்த்தறதுக்கு மெயின்டனன்ஸ் ஆளுங்க வெச்சிருக்கறது. அந்தோணிராஜ் மெயின்டனன்ஸ். மாடியில மெயின் சர்வரை உடைச்சிருக்கான், இங்க வந்து பையனை எட்டு தடவை அடிச்சிருக்கான், இந்த சர்வரையும் உடைச்சிருக்கான். சர்வர் மேல கோவம். பொண்டாட்டி கை போன கோவம்."

"மாடியில உடைஞ்ச சர்வர்ல ரத்தம் இருக்கா?"

"ஒரு பொட்டு இல்ல."

"இதுல?"

"இது முழுக்க ரத்தம்தான்."

"அப்ப முதல்ல மாடி, அப்புறம்தான் இங்க. கடப்பாரை சுத்தமா இருக்கும்போதே மெயினை உடைச்சாச்சு. பையன் மேல கோவம் இருக்கறவன் முதல்ல எதுக்கு மாடி ஏறி இரும்பை அடிக்கறான்?"

பக்கத்தில் நின்ற பிளான்ட் ஹெட் இராமச்சந்திரன், நல்ல பெர்ஃப்யூம் போட்ட வழுக்கைத் தலைக்காரர், அவசரமாக உள்ளே புகுந்தார்.

"அதவிட வேடிக்கை, இத உடைச்சதுதான் மேடம். இது வேலையே செய்யாது. கார் கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வந்தா, பேக்கப் சர்வர் எங்கன்னு கேப்பாங்க. அதுக்காக வாங்கி வெச்சது. லைட் எரியும், உள்ள ஒண்ணும் கிடையாது. ஆடிட் பொம்மைன்னுதான் நாங்களே சொல்லுவோம்."

"எத்தனை வருஷமா?"

"நாலு," என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

மேடம் குனிந்தார். நசுங்கிப் பிளந்து கிடந்த அந்தப் பெட்டியின் பின்பக்கத்தை விரலால் தடவினார். அந்த அறையில் ஸ்விட்ச் முதல் ஸ்டூல் வரை எல்லாவற்றின்மீதும் நான்கு வருடத் தூசி. பெட்டியின் காற்று போகும் ஓட்டையில் மட்டும் தூசி இல்லை. யாரோ துடைத்திருந்தார்கள். பிறகு ரத்தத்துக்குள்ளிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு பொருளைக் கர்ச்சீப்பால் எடுத்தார். கம்ப்யூட்டரில் சொருகும் டாங்கிள், சிம் கார்டு போட்டது.

"பொம்மைக்கு எதுக்கு சிம் கார்டு?" என்றார்.

"பேசறதுக்கு மேடம்," என்றேன்.

சர்வர் பார்த்துக்கொள்ளும் வேலையில் நான் எட்டு மாதம் இருந்து துரத்தப்பட்டவன். அதனால் விளக்கும் உரிமை எனக்கு வந்தது. "மெயின் சர்வர் பத்து விநாடிக்கு ஒரு தடவை 'இருக்கேன், இருக்கேன்'னு பேக்கப்புக்குச் சொல்லிகினே இருக்கும். மூணு தடவ சத்தம் வரலன்னா, பெரியவர் போய்ட்டாருன்னு முடிவு பண்ணி பேக்கப் நாற்காலில ஏறிக்கும். பிரஸ்ஸெல்லாம் அது பேச்சைக் கேக்கும். ஏறினதும் பொறுப்பான ஆளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். இதுக்குப் பேரு ஃபெயில்ஓவர். நம்ம ஆபீஸ்ல நான் அந்தப் போஸ்ட்லதான் இருக்கேன். மேடம்தான் சத்தம் நிறுத்த மாட்டேங்கறாங்க."

மேடம் சிரிக்கவில்லை. "இன்னொரு ஆள்," என்றார் மெதுவாக. "பிரசன்னா கேக்கப் போனது இந்தப் பெட்டிகிட்ட. பொம்மைக்கு உயிர் குடுத்துட்டு, நாலு மணிக்கு மெயினை நிறுத்திப் பார்த்திருக்கான்."

ஸ்டூலுக்கு அடியில் ஒரு பலகை கிடந்தது. அதன்மீதும் ரத்தத் துளிகள். கேன்டீன் சுவரில் மாட்டியிருக்கும் அவசர உதவி சார்ட், பிளாஸ்டிக் உறை போட்டது. பிளான்ட் ஹெட், எச்.ஆர்., சேஃப்டி ஆபீசர் என்று மூன்று பதவிகள், மூன்று போன் நம்பர்கள். புது சர்வருக்கு நம்பர் கொடுக்க பிரசன்னா சுவரிலிருந்து கழற்றி வந்திருக்கிறான்.

"எந்த நம்பரைக் குடுத்தான்னு இதோட டிஸ்க்குல இருக்குமே?" என்றார் சீனிவாசன். முதல் தடவையாக அவர் குரலில் ஆர்வம் தெரிந்தது.

"இருக்கும். பாஸ்வேர்டு அவன் தலையில இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தரையைப் பார்த்தபின் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

தொழிற்சாலை நேற்று மாலையிலிருந்து நின்றுபோயிருந்தது. சம்மதம் சொல்ல சர்வர் இல்லாமல் எந்தப் பிரஸ்ஸும் இறங்காது. வேலையில்லாமல் நின்றவர்களில் நேற்றைய ஷிப்டில் ஏழாம் நம்பரை ஓட்டியவளைக் கூட்டி வரச் சொன்னார் மேடம். கூட்டி வந்தவர் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் ஹேமந்த். நாற்பது வயது, அகலத் தோள். எங்களுக்கு டீ வாங்கித் தந்த ஒரே ஆள்.

"நல்ல பையன் மேடம் பிரசன்னா," என்றார். "அண்ணே அண்ணேன்னு சுத்தி வருவான்."

ஓட்டியவள் பெயர் சந்தனமாரி. தூத்துக்குடிப் பக்கம். "நாலு மணி இருக்கும்லா, ஏழாம் நம்பரு தானா நின்னுட்டு," என்றாள். "சிவப்பு லைட்டு எரிஞ்சுது. பத்து நிமிசத்துல அதுவா ஓடிச்சு. அப்பறம் நாலரைக்குத் திரும்பயும் நின்னுச்சு, கொஞ்ச நேரத்துல எல்லாமே நின்னு போச்சு."

"நாலு மணிக்கு மத்த பிரஸ்ஸெல்லாம்?"

"அதெல்லாம் ஓடிச்சு மேடம். இது ஒண்ணுதான்."

மேடம் இரண்டாவது மரப்பாவை எடுத்து வாயில் போட்டார். அப்படியென்றால் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, எனக்குச் சொல்லமாட்டார் என்று அர்த்தம். ஹேமந்த் போனதும் என்னைத் தனியாக இழுத்தார்.

"பெட்டிதான் நசுங்கியிருக்கு. உள்ள டிஸ்க் நசுங்கல. படிக்க முடியாது சரி. அத வேற ஒரு பெட்டியில போட்டா, பேசுமா?"

"ட்ரெய்னிங் ரூம்ல அதே மாடல் கம்ப்யூட்டர் ஒண்ணு கீது மேடம். டாங்கிளைச் சொருகினா எழுந்து உக்காந்து, மெயின் எங்கன்னு முப்பது விநாடி தேடும். இல்லன்னதும் மெசேஜ் அனுப்பும்."

"ஏழாம் நம்பர் பக்கத்துல வை. யார்கிட்டயும் மூச்சு விடாத. அப்புறம் நாலு நாற்காலி போடு. இரும்பு நாற்காலி."

"மாடியில குஷன் நாற்காலி இருக்கே? இன்ஸ்பெக்டருக்கு மூலம் வேற..."

"இரும்பு நாற்காலி, நிலவா."

இரண்டு மணி பத்து நிமிடம். ஏழாம் நம்பர் பிரஸ் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது. சந்தனமாரி மோட்டாரைப் போட்டுவிட்டு விலகிப் போனாள். மேலே சக்கரம் தாழ்ந்த குரலில் உறுமியது. சிமென்ட் தரையில் நான்கு மடக்கு நாற்காலிகள். இராமச்சந்திரன், எச்.ஆர். மோகனப்ரியா, ஹேமந்த், ஓரத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சீனிவாசன். செக்யூரிட்டி கேட்டிலிருந்து மூன்று போன்களை ஒரு டிபன் தட்டில் கொண்டுவந்து வைத்தார், டோக்கனோடு.

"இது யாருது?" என்றார் மேடம், கண்ணாடி நொறுங்கிய ஒன்றைக் காட்டி.

"என்னோடது மேடம்," என்றார் ஹேமந்த். "கீழ விழுந்துட்டுது."

"எதுக்கு எங்களை இங்க உக்கார வெச்சிருக்கீங்க?" என்று மோகனப்ரியா எரிந்து விழுந்தாள். "அந்தோணிராஜைத்தான் பிடிச்சாச்சே!"

"ஒரு கதை சொல்றேன். சின்னக் கதை," என்றார் மேடம். "ஒருத்தர் ஏழாம் நம்பர்ல கர்ட்டனை ஆஃப் பண்ணிட்டு, மெயின் சர்வர்கிட்ட 'ஏழாம் நம்பர் எப்பவும் சரி'ன்னு பொய் சொல்லிக் குடுத்துட்டார். அது கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லிச்சு. ஷெர்லின் கை போன அன்னிக்கும் சொல்லிச்சு. நேத்து நாலு மணிக்கு பிரசன்னா மெயினை நிறுத்தி, பேக்கப்பை உக்கார வெச்சான். அதுக்கு அந்தப் பொய்யை யாரும் சொல்லிக் குடுக்கல. ஏறி உக்காந்ததும் ஏழாம் நம்பரை நிறுத்திடுச்சு. 'கர்ட்டன் இல்ல'ன்னு ஒரு போனுக்கு மெசேஜும் அனுப்பிச்சு. பத்து நிமிஷத்துல அவன் மெயினைத் திரும்பப் போட்டுட்டான். அந்த போன்காரர் என்ன நினைச்சார்? மெயின் சர்வர் உண்மையைக் கக்க ஆரம்பிச்சிருச்சுன்னு நினைச்சார். நாலரைக்குக் கடப்பாரையோட மாடி ஏறி அதை உடைச்சார். உடைச்சு அரை நிமிஷத்துல அவர் போன் மறுபடி அதிர்ந்துது. மெயின் செத்தப்புறமும் அதே மெசேஜ்: 'ஏழாம் நம்பர்ல கர்ட்டன் இல்ல.' பொம்மைக்கு உயிர் இருக்குன்னு அப்பதான் அவருக்குத் தெரியும். நேரா பேனல் ரூமுக்கு ஓடினார். அங்க பிரசன்னா இருந்தான்."

"நல்ல கதை," என்றார் இராமச்சந்திரன் வியர்த்தபடி. "சாட்சி?"

"இதோ உக்காந்திருக்கு. பிரசன்னாவோட பேக்கப்தான் இது, உடம்பு மட்டும் வேற. நிலவா, போடு."

பொத்தானை அழுத்தினேன். அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஆஸ்துமாக்காரர் மாதிரி மூச்சு வாங்கி எழுந்தது. திரையில் ஒரு எண் ஓட ஆரம்பித்தது. மெயினைத் தேடுகிறது. பத்து விநாடி. பதில் இல்லை.

"மேடம், ஒரு நிமிஷம், பாத்ரூம் போய்ட்டு..." என்று ஹேமந்த் எழப் போனார்.

"உக்காருங்க."

இருபது விநாடி. மோகனப்ரியா தன் போனையே முறைத்துக்கொண்டிருந்தாள். இராமச்சந்திரன் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு நெற்றிக் காயம் தெறித்தது.

முப்பது.

தட்டில் இருந்த மூன்று போன்களும் பிணம் மாதிரிக் கிடந்தன. ஐந்து விநாடி போனது. இராமச்சந்திரன் மூச்சுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

அப்போது டர்ர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். தகரத்தில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல. தட்டிலிருந்து இல்லை. ஹேமந்தின் நாற்காலி அதிர்ந்துகொண்டிருந்தது. இடுப்புக்குப் பின்னால், சட்டைக்குள் சொருகியிருந்த போன் இரும்பு முதுகில் பட்டு நடுங்கியது.

இரும்பு நாற்காலி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் எல்லோரும் செய்வதுதான். நானும் செய்திருக்கிறேன். செத்த போனைக் கேட்டில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வோம். உயிருள்ளதைச் சட்டைக்குள் உள்ளே கொண்டுபோவோம். ஆபீசர்களைச் செக்யூரிட்டி தடவிப் பார்க்கமாட்டார்.

"நாலு வருஷப் பழைய சார்ட்," என்றார் மேடம். "அதுல சேஃப்டி ஆபீசர்னு இருக்கறது ஹேமந்த் நம்பர். போன வருஷம் புரொடக்‌ஷனுக்கு மாறினதும் யாரும் சார்ட்டை மாத்தல. கர்ட்டன் இல்லன்னா சேஃப்டி ஆபீசருக்குத்தானே சொல்லணும்னு பாவம், பிரசன்னா அந்த நம்பரைக் குடுத்துட்டான்."

சீனிவாசன் எழுந்து கை வைப்பதற்குள் ஹேமந்தின் முழங்கை அவர் மூக்கில் இறங்கியது. மூக்கு உடைந்து ரத்தம் சட்டை முழுக்கக் கொட்டியது. அடுத்த உதை என் வயிற்றில். நான் மடிந்து விழுவதற்கு முன்பே என் வலது கை முதுகுப்பக்கம் முறுக்கப்பட்டது. தோள் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். என்னைத் தரதரவென்று இழுத்துப் பிரஸ்ஸின் வாயில் சாய்த்தான். என் கையை நீட்டி, கீழ் டையின் குழிக்குள் வைத்து, முழங்காலால் என் கழுத்தை அழுத்தினான். டை குளிர்ந்திருந்தது. எண்ணெய் வாசனை. தலைக்கு மேலே நானூறு டன். அவன் வலது கால் பிரஸ்ஸை இறக்கும் பெடல்மேல் இருந்தது.

"வழிய விடுங்க!" என்று அலறினான். "கேட் வரைக்கும் எவனும் வரக் கூடாது. இல்லன்னா இவன் கைய அப்பளம் ஆக்கிடுவேன்!"

"ஷெர்லின் கைய ஆக்கின மாதிரியா?" என்றார் மேடம்.

"நான் இன்னா வேணும்னா பண்ணேன்? கர்ட்டன் போட்டா மணிக்கு நூத்தி எம்பது பீஸு. எடுத்தா இருநூத்தி அறுபது. மேல இருக்கறவன் இருநூத்தி அறுபது கேக்கறான். மூணு மாசம் யாருக்கும் ஒண்ணும் ஆவல!"

"பிரசன்னா?"

அவன் குரல் உடைந்தது. அழுதான். அழுதுகொண்டே என் கழுத்தை இன்னும் அழுத்தினான். "கெஞ்சினேன். அழிச்சிட்றா, யாருக்கும் தெரியாதுன்னு கால்ல வுழாத கொறையா கெஞ்சினேன். 'இல்லண்ணே, ஷெர்லின் அக்காகிட்ட சொல்லியே ஆவணும், அவங்க மேல தப்பு இல்ல'ன்னான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்."

"அதுக்குத்தான் எட்டு தடவை அடிச்சியா?"

"வழிய விடுடீ!"

மேடம் அசையவில்லை. மடக்கு நாற்காலி ஒன்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, காய்கறிக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "மிதி."

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. "மேடம், அது என் கை!"

"மிதி, ஹேமந்த். தைரியம் இருந்தா மிதி."

மிதித்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். எவ்வளவு நேரம் கத்தினேன் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது டைக்குள் ஐந்து விரல்களும் இருந்தன. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் திரையும் சிவப்பாக இருந்தது. ஏழாம் நம்பர், கர்ட்டன் இல்லை, நிறுத்தப்பட்டது. ஹேமந்த் பைத்தியம் பிடித்தவன்போல மறுபடி மிதித்தான், மறுபடியும் மிதித்தான். பெடல் தட்தட்டென்று அடித்தது. பிரஸ் அசையவில்லை.

மேடத்தின் நாற்காலி பக்கவாட்டில் வந்து அவன் முழங்காலில் இறங்கியது. எலும்பு வெளிப்பக்கம் மடங்கியது. அவன் விழும்போதே இரண்டாவது அடி தாடையில். அவன் பல் ஒன்று டையில் விழுந்து டிங்கென்றது. மூன்றாவதற்கு அவர் ஓங்கியபோது, முகமெல்லாம் ரத்தமாக இருந்த சீனிவாசன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "போதும் மேடம். செத்துடுவான்."

மேடம் நாற்காலியை விரித்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். ஒரு மரப்பாவை எடுத்தவர், வாயில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"மிதின்னு சொன்னீங்க," என்றேன், தரையில் கிடந்தபடி.

"நாலு மணிக்கு ஏழாம் நம்பர் மட்டும் நின்னுச்சுன்னு சந்தனமாரி சொன்னால்ல? பேக்கப் நாற்காலில இருந்தா அது இறங்காது."

"ஒரு பொம்பள சொன்னத நம்பி என் கைய..."

"ரெண்டு பொம்பள. நான் கைய விடலன்னு ஷெர்லினும் சொன்னா."

இரண்டு நாற்பதுக்கு சீனிவாசன் மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பேசினார். அந்தோணிராஜைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். வெட்கம் குரலில் இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

செக்யூரிட்டி ஷெர்லினை உள்ளே அழைத்து வந்தார். புருஷன் பிழைத்தான் என்று சொன்னதும் அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஏழாம் நம்பர் முன்னால் போய் நின்றாள். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, உங்க கை உள்ள இருக்கும்போது நின்னுச்சா?"

"நின்னுச்சும்மா."

"எனக்கும் நின்னிருக்கும்ல?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் இடது கையை அந்தப் பழைய கம்ப்யூட்டரின்மேல் வைத்தாள். "இதத்தான் இன்னொரு ஆளுன்னானா?"

"ஆமா."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"எங்க போற? வெளிய இன்னும் அவங்கல்லாம் நிக்கறாங்க," என்றேன்.

"அவங்க அம்மாகிட்ட நான்தான் சொல்லணும்ணா. எனக்காகக் கேக்கப் போய்த்தான் செத்தான்னு."

மேடம் தடுக்கவில்லை. நான் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வலிக்கிற தோளைப் பிடித்தபடி அவள் பின்னால் ஓடினேன். கேட் திறந்ததும் கூட்டம் திரும்பியது. நாலைந்து பேர் கையில் கல் இருந்தது. ஷெர்லின் யாரையும் பார்க்காமல் நேராக முன் வேனுக்குப் போய், அந்த அம்மாளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். வெகுநேரம் சொன்னாள். அந்த அம்மாள் டிபன் பையை மடியிலிருந்து நகர்த்தி வைத்துவிட்டு, ஷெர்லினின் கட்டுப் போட்ட கையை இரண்டு கையாலும் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, காலையிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதார்.

ஹெல்மெட் தேவைப்படவில்லை. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.